மடங்காத கத்தி

விடிந்தும் விடியாததுமாக மாதா கோயில் வாசலில் ஒரே கூச்சல். முந்தின நாள் மாலைதான் ஏற்றிய திருவிழாக் கொடி மண்ணில் கிடந்தது. கயிற்றை யாரோ அறுத்திருந்தார்கள். ஊருக்கு இதைவிட அவமானம் வேண்டுமா?

மயிலாடுதுறையிலிருந்து வந்த எஸ்.ஐ. வானதி ஜீப்பை விட்டு இறங்கும்போதே ஜெக்கரியா ஓடிவந்தார். பரம்பரையாகக் கொடியேற்றும் குடும்பம். நேற்று ஃபாதர் போர்த்திய புதுத் துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்து அழுதார். துண்டின் கிழிசல் வழியே மூக்கு எட்டிப் பார்த்தது. சிரிப்பை அடக்க வானதி பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"ரெமிஜியஸ்தாம்மா! 'வருஷா வருஷம் நீங்கதான் ஏத்தணுமா'ன்னு கூட்டத்துல சண்டை போட்டான். அவன் பைக் பையைப் பாருங்க!"

பையில் கத்தி இருந்தது. கறுப்புப் பூச்சுள்ள எஃகு அலகு, சொரசொரப்பான ஃபைபர் கைப்பிடி, சட்டைப்பையில் மாட்ட ஒரு கிளிப். அலகு விரிந்தே கிடந்தது. அதன் ரம்பப் பல்லில் கொடிக்கயிற்றின் நைலான் இழை.

ரெமிஜியஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். புதன்கிழமை இதே கோயிலில் அவனுக்கும் அருள்ஜோதிக்கும் கல்யாண மந்திரிப்பு. பெண்ணின் அப்பா ஆசீர்வாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கொடியை அறுத்தவனுக்கு என் பொண்ணு கிடையாது!"

"கத்தி உன்னுதா?" என்றாள் வானதி.

"ஆமாங்க மேடம். நேத்து தோரணம் கட்டுறப்ப சட்டையோட கழட்டி வேலியில போட்டேன். அப்புறம் காணோம்."

"திறக்க யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஊருக்கே தெரியுங்க. கட்டைவிரலால லேசாத் தள்ளினாப் போதும், மிச்சத்தை உள்ள இருக்கற ஸ்பிரிங் பார்த்துக்கும். படக்குனு விரியும். 'இன்னொரு தடவை காட்டுடா'ம்பாங்க."

வானதி கொடிமேடையைச் சுற்றி வந்தாள். சிமெண்ட் விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடு. கத்தியின் முதுகைப் பார்த்தாள். அங்கே பூச்சு உரிந்திருந்தது. அடடா!

"எப்படி மடக்கணும்? தொடாம சொல்லு."

"உள்ள ஒரு தகடு தெரியுதுங்களா? அதுதான் பூட்டு. அதை ஓரமா ஒதுக்கிட்டு மடக்குங்க."

கையுறை விரலால் ஒதுக்கினாள். டிக்கென்று மடங்கியது. ஊரைத் திரும்பிப் பார்த்தாள்.

"விரிக்கறதைத்தான் எல்லாரும் வேடிக்கை பார்த்தீங்க. மடக்கறதை யார் பார்த்தா? அறுத்தவருக்கு அது தெரியலை. பழைய பேனாக்கத்தின்னு நெனைச்சு, முதுகை மேடையில வச்சு அழுத்தியிருக்காரு. பூட்டு விடலை. விரிஞ்ச கத்தியை மடியில கட்ட முடியுமா? எதுலயோ சுத்தித்தான் பைக் வரைக்கும் கொண்டுபோயிருக்காரு. ஐயா, அந்தத் துண்டைக் கொடுங்க."

ஜெக்கரியாவின் அழுகை சட்டென்று நின்றது. "எலி கடிச்சதும்மா..."

வானதி துண்டை விரித்தாள். ஒரே வரிசையில், ஒரே அளவில் நாலு கிழிசல். மடித்தாள். நாலும் ஒன்றானது. கத்தியின் அலகு அதில் அளவெடுத்தாற்போல நுழைந்தது.

"நாலு மடிப்பையும் ஒரே நேரா கடிக்க, எலி ஸ்கேல் வச்சிருந்துச்சா? நேத்து ஊரே பார்க்கப் போர்த்தின புதுத் துண்டுங்க இது! நீங்க ஏத்துன கொடியை நீங்களே ஏன் அறுத்தீங்க?"

ஜெக்கரியாவுக்குத் தலை தொங்கியது. "அடுத்த வருஷம் அவன்கிட்ட கொடுத்துடுவாங்கன்னு..."

"அடப்பாவி மனுசா!" என்றது கூட்டம்.

வானதிக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். புதுக் கயிறு வந்தது. ஃபாதர் கொடியை மந்திரித்து, ரெமிஜியஸைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் தயங்கி நிற்க, ஆசீர்வாதமே கயிற்றை எடுத்து அவன் கையில் திணித்தார்.

"அடுத்த வருஷம் என்ன அடுத்த வருஷம்? இழுங்க மாப்ளே!"