வாயில் சுற்றிய நூல்

பொங்கலூர் தாண்டி, தன் பழைய குடோனில் கந்தப்பன் முதலாளி ஒரு கலைக்கூடம் வைத்திருந்தார். பனியன் ஆர்டருக்காகப் போன நாட்டிலிருந்தெல்லாம் வாங்கி வந்த முகமூடி, சிலை, பொம்மை அங்கே இருக்கும். பார்க்க வருகிறவர்கள் வாரத்துக்கு நாலு பேர். பதினோரு வருடம் அவருடைய பனியன் கம்பெனியில் பிசிறு பார்த்து வெட்டும் செக்கிங்கில் நின்று கால் வீங்கிப்போன என்னை, அவற்றைத் துடைக்கிற வேலைக்கு அனுப்பினார். இரண்டாயிரத்து எட்டு, தினமும் கரண்ட் போகும் காலம். பள்ளிக்கூடம் விட்டதும் என் மகள் அபிராமி அங்கேதான் வருவாள். ஓயாமல் பேசுகிற பிள்ளை.

முதல் நாளே ஒரு மரப் பொம்மையை எடுத்தேன். எந்த நாடு என்று சீட்டு இல்லை. வாயைச் சுற்றிச் சிவப்பு நூல், நுனி தொங்கிக்கொண்டிருந்தது. பிசிறைக் கண்டால் சும்மா இருக்குமா இந்தப் பாழாய்ப்போன கை? இடுப்பிலிருந்த நூல் வெட்டும் டிரிம்மரால் வெட்டிவிட்டேன். மொத்தச் சுற்றும் அவிழ்ந்து விழுந்தது. உள்ளே வாய் திறந்திருந்தது. ஈர மண் வாசனை அடித்தது.

நாலரைக்குக் கரண்ட் போனது. ஜன்னல் இல்லாத குடோன், கும்மிருட்டு. டீச்சர் சொன்ன கதையை அபிராமி எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாதியில் நின்றுவிட்டாள்.

மீதிக் கதை, அவள் குரலிலேயே, பொம்மை இருந்த பக்கத்திலிருந்து கேட்டது.

கரண்ட் வந்தபோது என் பிள்ளையின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

இரண்டு டாக்டர் பார்த்தார்கள். தொண்டையில் ஒன்றும் இல்லையாம், பயந்திருக்கிறாளாம். முதலாளியிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். அவருக்கு, ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையர் பார்க்க வருகிற நேரத்தில் நான் பொம்மையைக் கெடுத்துவிட்டேனே என்ற எரிச்சல்தான்.

"பொம்மைய ஒரு ராத்திரி குடுங்க மொதலாளி. எம்புள்ள குரலு அதுக்குள்ளதான் கெடக்கு," என்று கெஞ்சினேன்.

"வேலையப் பாருங்க அம்மணி," என்றார்.

அவரே பனியன் தைக்கிற ஓவர்லாக் நூலை எடுத்து, பொம்மையின் வாயை இறுக்கிச் சுற்றி, கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் நான் போனபோது பெட்டி காலி.

"பையர் ஆசப்பட்டுக் கேட்டாருங்க. குடுத்துட்டனுங்க," என்றார்.

யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

அன்றும் நாலரைக்குக் கரண்ட் போனது. அபிராமி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உதட்டை இறுக மூடியபடி. செல்போன் வெளிச்சத்தை அந்தக் காலிப் பெட்டியின் மேல் அடித்தேன்.

கண்ணாடியின் உள்பக்கம் மெல்ல ஆவி படிந்தது.

ஈர மண் வாசனை.

அப்புறம், வாயைக் கட்டிப்போட்ட குரல்.

"அம்மா... அவுத்து விடும்மா."