முனை மேலே பார்த்து நின்ற கம்பி

ரோசினா மீட்புக் குடிசைக்குள் நுழைந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வெளியே பகல்தான். ஆனால் பனிப்புயல் சன்னலை வெள்ளையாக அடைத்திருந்தது.

அவளுடைய அண்ணன் லீன்ஹார்ட் காலையில் மேல்புல்வெளிக்குப் போயிருந்தான். கோடையில் அறுத்துக் குவித்த வைக்கோலைக் குளிர்காலத்தில் சறுக்குவண்டியில் இறக்குவது அந்த டைரோல் மலைப் பள்ளத்தாக்கின் வழக்கம். வழியில் பனிச்சரிவு பெயர்ந்து விழுந்தது. வண்டி மட்டும் கிடைத்தது.

மீட்புக் குழுவின் இளையவன் காஸ்பர், பனிக்குள் குத்தி ஆளைத் தேடும் நீளக் கம்பிகளைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தான். எல்லாம் முனை கீழே.

"தலைகீழா வைக்காதடா. ஈரத்துல முனையில ஐஸ் பிடிக்கும். முனை மேலதான் இருக்கணும்னு அண்ணன் திட்டுவான்."

"வந்து திட்டட்டும் அக்கா. நாள் முழுக்க நின்னு வாங்கிக்கறேன்."

சரிவின் அடியில் தோளோடு தோள் சேர்த்து வரிசையாக நின்றார்கள். தலைவர் வென்டலின், ரோசினாவின் தாய்மாமன்.

"குத்து. எடு. ஓரடி முன்னே."

அவள் விரல்கள் எப்போதோ மரத்துப்போயிருந்தன. மனசும்தான். கம்பி இறங்கியது, ஏறியது.

பிறகு ஒருமுறை எதிலோ தட்டி நின்றது. கல் இல்லை. மண் இல்லை. லேசாக அமுங்கிக் கொடுத்தது.

துளையிலிருந்து வைக்கோல் வாசம் வந்தது.

"மாமா."

ஆளைத் தொட்ட கம்பியை உருவக்கூடாது. உருவினால் இடம் தொலைந்துவிடும். தன் சிவப்பு நூல் கட்டிய கம்பியை அப்படியே விட்டு, அவள் மண்வெட்டியைக் கேட்டுக் கை நீட்டினாள்.

மேலே மலை ஒருமுறை தொம்மென்றது.

"எல்லாரும் குடிசைக்கு ஓடுங்க!" வென்டலின் அவள் கையைப் பிடித்து இழுத்தார். "கம்பி நிக்குதில்ல, அப்புறம் வந்து தோண்டலாம்."

குடிசையில் யாரோ தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். கோப்பை ரோசினாவின் கையில் இருந்தது. சூடு தெரியவில்லை.

"மூச்சு விட இடம் இருந்தா உயிரோட இருப்பான் மாமா."

"மேல இன்னும் பனி தொங்குது. அது விழுந்தப்புறம் போகலாம்."

"அதுவரைக்கும் அவன்?"

அவர் அடுப்பைப் பார்த்தார்.

அவள் எழுந்தாள். "கம்பி இருக்கற இடம் எனக்குத் தெரியும். நான் போறேன்."

"தனியாவா? நானும் வர்றேன்க்கா," என்று காஸ்பர் மண்வெட்டியை எடுத்தான்.

அவள் கதவைத் திறந்தாள்.

வாசல் சுவரில் ஒரு கம்பி சாய்ந்து நின்றது.

சிவப்பு நூல்.

முனை மேலே.

சுற்றிலும் பனியில் ஒரு காலடித் தடமும் இல்லை.

"நீ எடுத்தியாடா?" அவள் காஸ்பர் பக்கம் திரும்பினாள்.

"நான் உன் முன்னாடியேதானேக்கா ஓடினேன்..."

கம்பியில் படிந்த உறைபனியின் மேல் கையுறை போடாத ஒரு கையின் விரல்தடங்கள். வெயிலில் காய்ந்த வைக்கோலின் வாசம்.

எதிரே வெறும் வெள்ளை. கம்பி இங்கே இருந்தால் எங்கே போய்த் தோண்டுவது? அவள் வாசற்படியிலேயே நின்றாள்.

அப்போது மேலே தொங்கிய பனிச்சரிவு இறங்கியது. முதலில் சத்தம், அதன்பின் காற்று. அது இருவரையும் கதவோடு சேர்த்து உள்ளே தள்ளியது. பனித்தூள் அடங்கியபோது, அவர்கள் வரிசையாக நின்ற இடத்தின் மேல் ஒரு புதிய மேடு கிடந்தது.

பனி உருகியபின் லீன்ஹார்ட் கிடைத்தான். விழுந்த கணமே கழுத்து முறிந்திருக்கிறது என்றார் மருத்துவர். வலது கையில் கையுறை இல்லை. ரோசினா தலையசைத்தாள். அழுகை அப்போதும் வரவில்லை.

அடுத்த குளிர்காலத்தில், காற்றில்லாத ஒரு காலையில், ஆண்கள் வைக்கோல் இறக்கப் புறப்பட்டார்கள். வழியில் கை காய்ச்சிக்கொள்ளக் குடிசைக்குள் வந்தார்கள். வானம் நீலமாக இருந்தது.

"நேத்து நான் முனையைக் கீழாத்தானே வச்சேன்..." என்றான் காஸ்பர்.

சுவரோரம் எல்லாக் கம்பிகளும் முனை மேலே பார்த்து நின்றன.

வென்டலின் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். "வண்டியெல்லாம் கட்டிப் போடுங்க. இன்னைக்கு யாரும் மேல போக வேண்டாம்."

காஸ்பர் கயிற்றை எடுத்துக்கொண்டு வண்டிகளைக் கட்டப் போனான். ரோசினா அடுப்பில் இன்னொரு விறகை வைத்தாள். வைக்கோலே இல்லாத அந்தக் குடிசையில் அதன் வாசம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.