மறப்பரணுக்கு உள்ளே

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. காற்று பலமாக அடிக்கிறது, என் குரல் எட்டாது. ஒரு கடலைக் காத்த கதை சொல்கிறேன்.

சல்லித்தீவைச் சுற்றி நீருக்கடியில் மறப்பரண் என்று ஒரு காவல் பொறி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் உள்ளே போகலாம், பவளப்பாறைகளைப் பார்க்கலாம். திரும்பும்போது அதன் எல்லையான அலைக்கோடு தாண்டியதும், உள்ளே கண்டதெல்லாம் நினைவிலிருந்து வழித்தெடுத்ததுபோல் போய்விடும். படக்கருவியும் வெறுமையாகிவிடும். எந்தப் பாறையில் கடலட்டை, எந்தப் புல்வெளியில் ஆவுளியா என்னும் கடற்பசு என்று தெரியாதவன் எதைத் திருட வருவான்?

இதைக் கேட்டு வாங்கியவர்கள் ஊர்க்காரர்களேதான். மீன் படும் பாறையைக் கூடப்பிறந்தவனிடமும் சொல்லாத ஊர் அது.

தீவிலேயே இருந்து காவல் காக்க ஊர் அனுப்பிய பிலோமி அப்புறம் கரை திரும்பவே இல்லை. சுற்றிப் பார்க்க வந்த ரோச், அவளுக்காக அங்கேயே தங்கிவிட்டான்.

ஒருநாள் அவள் தம்பி கஸ்பார் படகில் வந்தான்.

"அக்கா, துறைமுகம் கட்ட இந்தப் பாறையெல்லாம் வெடி வச்சுத் தகர்க்கப் போறாங்க. இன்னைக்குக் கூட்டம். உள்ள என்ன இருக்குன்னு ஒரு ஆள் சொன்னாப் போதும், நிறுத்திருவேங்குறாரு அதிகாரி. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஞாபகம் இல்ல."

"நீ இப்பப் பாத்துக்கிட்டுத்தானடா நிக்கிற?"

"கோட்டத் தாண்டுனா நானும் களிமண்ணுதான்."

"நீ இப்பவும் அதான்" என்றாள் பிலோமி. "ஒருநாள் பாத்துட்டுப் போறவுகளுக்கு மறக்கும். எனக்கு எலும்புல ஊறிக் கெடக்கு. நான் வாரேன்."

கரையொதுங்கிய ஆவுளியாக் குட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ரோச் நிமிர்ந்தான்.

"சொல்லிட்டு வெரசா வா புள்ள. சோறு ஆறிப்போகும்."

படகில் அவள் வாய் ஓயவில்லை. குட்டி, பாறை, ரோச். குட்டி, பாறை, ரோச். கோடு வந்தது. பாதிச் சொல்லில் வாய் நின்றது.

கூட்டத்தில் அதிகாரி பொறுமையாகவே கேட்டார். "சொல்லுங்கம்மா. உள்ளே காப்பாத்த வேண்டியது எதுவும் இருக்கா?"

பிலோமி தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். எதற்காக எழுந்து நின்றோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"துறைமுகம் வந்தா எந்தம்பிக்கு வேலை கிடைக்குமாய்யா?"

"கட்டாயம். நாளைக்கு வெடி வைக்கப்போறோம். உள்ளே ஆள் யாரும் இல்லையே?"

கூட்டமே அவளைப் பார்த்தது. அவள் நன்றாக யோசித்துத்தான் சொன்னாள்.

"யாரும் இல்லீங்க."

உங்கள் வீட்டு விளக்கு அணையாதிருக்கட்டும், கண்ணுகளா. வெளியே போனவர் வாயில், உள்ளே காத்திருப்பவர் பெயர் எந்நாளும் இருக்கட்டும்.