ரோசாலியாவின் மிச்ச வசனம்

துக்க வீட்டுக்குப் போனவர்கள் நேராக வீடு திரும்பக் கூடாது. வழியில் எங்காவது நின்று ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் செத்தவர் கூடவே வந்துவிடுவார். மணிலாவில் இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். சினிமாக்காரர்களுக்கு மட்டும் அதற்கெல்லாம் நேரமில்லை.

கூடத்தில் பெட்டிக்குள் ரோசாலியா கிடந்தாள். பதினான்கு வருஷம் அந்த முகத்துக்குப் பவுடர் பூசியவள் இந்தத் தோமாசாதான். ஊருக்கு அவள் கனவுக்கன்னி. எனக்கு, சீப்பை விட்டெறியும் பிசாசு. ஒரு வசனம் ஒழுங்காகப் பேசியதில்லை. நடித்துக்கொண்டிருந்த படத்தில் நாலு காட்சி பாக்கி வைத்துவிட்டுச் செத்துத் தொலைந்தாள்.

ஆறு வருஷமாக அவளுக்கு வேலைக்காரியாகவே நடித்த நெனிதா பெட்டியருகே அழுதுகொண்டிருந்தாள். ஒரு கண்ணில் கண்ணீர், மறு கண் கடிகாரத்தில். முகத்திரை போட்டு அந்த நாலு காட்சியை அவள் முடித்துக் கொடுத்தால், அடுத்த படத்தில் அவள்தான் நாயகி. மதியம் இரண்டு மணிக்கு ஷூட்டிங்.

"வாடி, முனைக் கடையில ரெண்டு வாய் நூடுல்ஸ் சாப்பிட்டுட்டுப் போலாம்" என்றேன்.

"மணியாச்சுக்கா! செத்தவளுக்கு என் பின்னால வர்றதுதான் வேலையா?"

நேராக ஸ்டுடியோவுக்கு ஜீப் ஏறினாள். நான் கடையில் உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். எனக்கு உயிர் மேல் ஆசை.

ஒப்பனை அறையில் சவப்பெட்டிப் பூக்களின் வாசனை. அங்கே ஒரு பூகூட இல்லை.

நெனிதா முகத்திரையை இழுத்துவிட்டு விளக்கு வெளிச்சத்தில் போய் நின்றாள். அவள் குரல் தகர டப்பா. வாயைத் திறந்தாள்.

வந்தது ரோசாலியாவின் குரல்.

விளக்குக்காரர் சிலுவை போட்டுக்கொண்டார். நெனிதா இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள்.

பொத்திய பிறகும் வசனம் நிற்கவில்லை.

இயக்குநர் பயப்படுவார் என்று பார்த்தேன். வெட்கம் கெட்ட மனுஷன், கைதட்டினார்.

"நிறுத்தாதம்மா! டப்பிங் வேலையே மிச்சம்!"

சொன்னபடி அவளை நாயகியாக்கினார்கள். ஐந்து படம் ஓடிவிட்டது. ரசிகர்கள் அந்தக் குரலுக்கு உருகுகிறார்கள். அதிலுள்ள அழுகை எதற்கென்று ஒருத்தனும் யோசிக்கவில்லை.

நேற்றுக் காலை கண்ணாடி முன்னால் நெனிதா என் கையைப் பிடித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தத் தகரக் குரல்.

"அக்கா... நான் வேலைக்காரியாவே நடிச்சுக்கறேன். இவளைப் போகச் சொல்லுக்கா."

வாழ்நாளில் முதல்முறையாக அவள்மேல் இரக்கம் வந்தது. நான் பதில் சொல்வதற்குள் அதே வாய் மறுபடி திறந்தது.

"அங்க என்னடி பேச்சு, தோமாசா? பவுடரைப் போடு."

போட்டேன்.