வலைப்பக்கத்தில் மறைத்த புள்ளி

கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கும் ரீனா, காரைக்குடியிலிருந்து வலையபட்டிக்கு வந்து சேர்ந்தபோது பிற்பகல் வெயில் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் தேனப்பன் அவளை உட்காரக்கூடச் சொல்லாமல் நேரே கம்ப்யூட்டர் அறைக்கு அழைத்துப் போனார். அவருக்கு அவ்வளவு அவசரம். இன்டர்நெட் என்றால் பாதி ஊருக்கு என்னவென்றே தெரியாத 1999இல், ரீனாவை வைத்துக் குடும்பத்துக்கென்று ஒரு வலைப்பக்கம் செய்துகொண்டவர் அவர். அதைச் சாயங்காலம் மலேசியாவில் பெண் வீட்டார் பார்க்கப்போகிறார்கள். மாப்பிள்ளையான அவருக்கு இது முதல் கல்யாணம் என்றுதான் அவர்களிடம் சொல்லியிருக்கிறது.

வலைப்பக்கத்திலோ, அவர் படத்தை ஒட்டி சொர்ணவல்லியின் படம். செத்துப்போன மனைவி.

“அழிச்சிரவா அய்யா?”

“நேத்து நானே அழிச்சேன். காலையில பாத்தா திரும்ப இருக்கு.”

ரீனா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “அப்ப மறைச்சிரலாம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பேரு குடுத்திருக்கேன். இந்தப் பேருள்ளதைக் காட்டாதேன்னு ஒரு வரி எழுதுனாப் போதும். படம் உள்ளேயே இருக்கும், யாரு கண்ணுக்கும் படாது.”

மறைப்பது தேனப்பனுக்குப் புதிதில்லை. சொர்ணவல்லிக்கு வலிப்பு உண்டு. ஆட்கள் வந்தால் அவளை வீட்டின் பின்பக்கம் இரண்டாங்கட்டு அறையில் வைத்துப் பூட்டிவிடுவார். தங்கை மகள் சடங்கன்று, மேளச் சத்தத்துக்கு நடுவே உள்ளிருந்து கதவு தட்டும் ஓசை வந்தது. அவர் காதில் நன்றாகவே விழுந்தது. பந்தி முடிந்து திறந்தபோது அவள் உடம்பு சில்லிட்டிருந்தது. பாவி மனுஷன், அப்போதும் யாருக்காவது தெரிந்துவிட்டதா என்றுதான் முதலில் கவலைப்பட்டார்.

ரீனா வரியை எழுதினாள். சொர்ணவல்லி மறைந்தாள். ஆனால் அவர் படத்துக்குப் பக்கத்தில் இடம் காலியாகவே கிடந்தது.

எங்கோ கதவு தட்டும் சத்தம்.

“உள்ள யாரு அய்யா?”

“யாருமில்ல. அந்த இடத்தையும் எடு.”

அவள் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தாள். “வரி சரியாத்தான் இருக்கு. இடம் போகமாட்டேங்குது.”

தட்டும் சத்தம் பலத்தது.

நகரத்தார் கணக்கில் கணவனும் மனைவியும் சேர்ந்தால்தான் ஒரு புள்ளி. அந்த வழக்கப்படி, தம்பதிக்கு ஒரு கட்டமாகப் போடச் சொன்னதே தேனப்பன்தான்.

“புள்ளியோட மறைச்சிரு ஆத்தா. கல்யாணம் முடிஞ்சதும் புதுப் புள்ளியா ஏத்திக்கிடலாம்.”

“கட்டத்தை மறைச்சா நீங்களும் சேந்து மறைஞ்சுருவீக அய்யா.”

“மறைஞ்சா மறையட்டும். என் படத்தைத்தான் அவுக முன்னாடியே பாத்துட்டாகளே. சீக்கிரம்.”

அவள் விசையைத் தட்டினாள். கட்டம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

கதவுச் சத்தம் நின்றது.

“முடிஞ்சுருச்சு,” என்று திரும்பிய ரீனா, அவர் முகத்தைத் தாண்டிச் சுவரைப் பார்த்தாள். “அய்யா? எங்குட்டுப் போனீக?”

“இங்கதான நிக்கிறேன்.”

அவளுக்குக் கேட்கவில்லை.

“ரீனா!”

தொலைபேசி அடித்தது. தயங்கித் தயங்கி அவள்தான் எடுத்தாள். “மலேசியாவா? இப்பத்தான் இங்க இருந்தாக. ஆளையே காணோம்.” தொலைபேசியை வைத்தவள் பையை அள்ளிக்கொண்டு ஓடினாள். வாசல் கதவு சாத்திக்கொண்டது.

தேனப்பன் பின்னால் ஓடப் பார்த்தார். முடியவில்லை.

அவர் விரல்களுக்குள் வேறு விரல்கள் சில்லென்று கோத்துக்கொண்டன.

காதருகே மெல்லிய குரல்.

“விருந்தாளுக போயிட்டாகளா?”