பம்புக்கு நீட்டிய ஒயர்

வெயில் போய் ஒரு மணி நேரமாகியும் தொட்டியில் நீரூற்று குதித்துக்கொண்டிருந்தது. அதுதான் நீலகண்டனுக்குப் பிடிக்கவில்லை. பேட்டரி இல்லாத குட்டி சோலார் பம்பு. மேகம் குறுக்கே போனாலே படுத்துவிடும். இப்போதோ திருவனந்தபுரத்து மழைக்கால ஏழு மணி இருட்டு, பலாமரம் சொட்டுகிற சத்தம், அழுகிய சக்கைச் சுளையின் வாடை, இத்தனைக்கும் நடுவே நிற்காமல் இந்தக் களுக், களுக்.

‘ரிட்டயர்டு எக்ஸிக்யூட்டிவ் எஞ்சினியர்’ என்று கேட்டை விடப் பெரிய பலகை மாட்டியவர் வேறெப்படி யோசிப்பார்? எலக்ட்ரீஷியன் வன்னியராஜ்தான் திருட்டுத்தனம் செய்திருக்கிறான். பலா நிழலில் கிடந்த பேனலை நேற்று மொட்டைமாடிக்கு ஏற்றி, பத்து மீட்டர் ஒயர் சேர்த்துக் கொடுத்தவன் அவன். சூரியன் போதாதென்று வீட்டுக் கரண்டிலேயே சொருகியிருப்பான். சாலைக் கடைத்தெருவுக்குப் போன மனைவி சரசம்மா திரும்பியதும் சேற்றுக்காலை அந்தத் தொட்டியில்தான் கழுவுவாள். ஷாக்கடித்துப் போயே போய்விடுவாள்.

டெஸ்டரை வைத்துப் பார்த்தார். எரியவில்லை. மெயினை அணைத்தார். ஊற்று நிற்கவில்லை. மாடியேறி, பேனல் ஒயரையே வெட்டினார்.

களுக். களுக்.

போன் போட்டார்.

“எடே வன்னியராஜ், ஒயர எங்கே கொண்டு கொடுத்தே? சத்தியம் பறயணும்.”

“தொட்டிப் பக்கம் மண்ணுல ஒரு பைப்பு நின்னுச்சுல்லா சாரே, அதுக்குள்ள விட்டேன். தோண்டுத வேல மிச்சம்.”

“மண்டா, அது எங்கேயும் போகாத பைப்பு!”

போன வருஷம் காருக்கு இடம் வேண்டுமென்று கிணற்றை மூடினார். மூடின கிணறு மூச்சுவிட வேண்டும் என்று கொத்தனார் தாசையன் நட்ட பைப்பு அது. மூடநம்பிக்கையைப் பற்றி அரைமணி நேரம் பிரசங்கம் கேட்டுவிட்டு, அப்படியும் நட்டுவிட்டுத்தான் போனான். நேர் கீழே இறங்கும். மறுவாய் கிடையாது.

“போகாம என்ன? அந்தப் பக்கம் நீங்கதான இழுத்தீங்க.”

“நானா? நான் உள்ளே புட்டு தின்னுட்டு இருந்தேன்.”

“வெளையாடுதீங்களா சாரே? நான் தள்ளத் தள்ள சரசரன்னு போச்சு. சொவரோரம் வந்து பாத்தா மண்ணுக்குள்ள இருந்து முனை எட்டிப் பாக்குது. ரப்பரும் உரிச்சாச்சு, பல்லால. எஞ்சினியர் சாருக்கு நம்ம வேலையும் தெரியுதேன்னு நெனச்சேன்.”

நீலகண்டன் மாடியிலிருந்து குனிந்தார். வெட்டிய ஒயர் சுவரோரம் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு சாண். நின்றது. இன்னொரு சாண்.

கேட் கிறீச்சிட்டது.

“சரசு! நில்லு! கால வைக்காதே!”

படிகளில் உருண்டு வந்தார். செருப்பு ஒன்று எங்கோ போனது. பலாவைச் சுற்றினார்.

“என்னத்துக்கு இப்பிடிக் கெடந்து அலறுதீங்க? தண்ணி இளஞ்சூடா நல்ல சுகமா இருக்கு.”

சரசம்மா தொட்டிக்குள் நின்றிருந்தாள். காய்கறிப் பை இன்னும் தோளில். ஒரு முழ ஆழம்கூட இல்லாத தொட்டி. தண்ணீர் அவள் இடுப்பில் இருந்தது.

அவரைப் பார்த்துச் சிரித்தாள். இப்போது நெஞ்சில் இருந்தது.