முதுகில் ஓர் ஊதாத் துண்டு

"என் சட்டை எங்கங்க?"

கையில் கத்தரிக்கோலோடு நிமிர்ந்தாள் தலைவி. வாசலில் ஒருவன்... கதவுநிலை தலையில் இடித்துவிடாமல் லேசாகக் குனிந்தபடி நின்றிருந்தான். யாரிடமோ இரவல் வாங்கிய டீ-சர்ட் அவன் இடுப்புக்கே எட்டவில்லை. வெளியே மழை சோவென்று கொட்டியது. அவன் இமையில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் இப்போது ஏன் பார்க்கிறோம் என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

"எந்தச் சட்டை?"

"நீலச் சட்டை. நனைஞ்சுபோச்சுன்னு வெளி வராந்தா நாற்காலியில காயப் போட்டுட்டு வகுப்புக்குப் போனேன்... வந்து பார்த்தா நாற்காலி மட்டும் இருக்கு."

தலைவியின் பார்வை தானாக மேசைக்குப் போனது. அங்கே நீலச் சட்டை குப்புறப் படுத்திருந்தது. அதன் முதுகில் ஒரு சாண் சதுரத்தைக் காணோம்.

கல்லூரி மகளிர் குழுவுக்குத் தலைவி ஆனதிலிருந்து அவளை எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அந்தக் கல்லூரியில் எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து படித்தார்கள். ஆனால் உணவகத்தில் போய்ப் பார்த்தால், அந்த ஊர்க்காரர்கள் அந்த மேசை, இந்த மொழிக்காரர்கள் இந்த மேசை... எண்ணெயும் தண்ணீரும் போல. இதை மாற்றத்தான் குழு ஒரு யோசனை செய்தது. ஒவ்வொருவரும் மனசுக்குப் பிடித்த ஒரு துணியைத் தரவேண்டும். ஆளுக்கு ஒரு சதுரம் வெட்டி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே திரையாகத் தைத்து, வெள்ளிக்கிழமை விழா மேடையில் தொங்கவிடவேண்டும். துணி போட வைத்த கூடை நிரம்பி வழிந்ததால், பக்கத்து நாற்காலியில் கிடந்ததையும் யாரோ பெரிய மனசோடு கொடுத்தது என்று நினைத்துவிட்டாள்.

"அந்தச் சதுரத்தை நடுவுல தைச்சாச்சு" என்றாள் குண்டூசி. குழுவின் செயலாளர். ஆளும் சிறுசு, பேச்சும் குத்தும்.

அவன் சட்டையைத் தூக்கிப் பிடித்தான். ஓட்டை வழியே அவன் முகம் தெரிந்தது.

"எங்க அக்கா தையல் கத்துக்கிட்டு முதல்முதலா தைச்சது... திங்கள்கிழமை இன்டர்வியூவுக்குப் போட்டுட்டுப் போடான்னு."

மன்னிப்பு தொண்டை வரை வந்தது. ஆனால் குழுவே வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறதே... தலைவி என்கிற கௌரவம் குறுக்கே வந்து நின்றது.

"கூடை பக்கத்துல போட்டா அப்படித்தான். ஒற்றுமைக்காக ஒரு துண்டு போனா என்னங்க குறைஞ்சிடும்?"

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் கோபப்படவில்லை. சுவரில் சாய்த்திருந்த திரையையே பார்த்தான்.

"நல்ல காரியம்தான்... ஆனா கேட்டுட்டுச் சேர்த்தாதாங்க அது ஒற்றுமை." திரையை நோக்கிக் கையை நீட்டினான். "இதுல உங்க துணி எதுங்க?"

அவள் கை தோளிலிருந்த ஊதாத் துப்பட்டாவை இறுக்கிக்கொண்டது. கல்லூரியில் இடம் கிடைத்த அன்று அம்மா வாங்கித் தந்தது. வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கி எல்லாரையும் கெஞ்சியவள், தன் துணியை மட்டும் இன்னும் தரவில்லை.

அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சட்டையை மேசையிலேயே போட்டுவிட்டு மழைக்குள் இறங்கிப் போய்விட்டான்.

"போனாப் போறான் நெட்டை" என்றாள் குண்டூசி. தலைவிக்கு என்னவோ போகவிட மனசில்லை. அன்று முழுக்க அந்த ஒரு கேள்வி செருப்பில் ஏறிய முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் மதியம் உணவகத்தில், இதுவரை ஒருமுறைகூடப் போகாத அவன் ஊர்க்காரர்கள் மேசைக்கு நேராக நடந்தாள். மேசையே திரும்பிப் பார்த்தது.

"மன்னிச்சிடுங்க. கேக்காம வெட்டினது என் தப்பு. பிரிச்சுத் தரட்டுமா... இருக்கட்டுமா? நீங்க சொல்றதுதான்."

வாயில் வைத்த கவளத்தை அவசரமாக விழுங்கினான் அவன். "பிரிச்சா என்ன ஆகும்?"

"நடுவுல ஓட்டை விழும். நாளைக்குத் தொங்கவிட முடியாது."

"அப்ப இருக்கட்டும். ஊருக்கு ஒரு ஓட்டை போதும், அது என் சட்டையிலயே இருக்கு." சிரித்தான்... அந்தச் சிரிப்பில் அவளுக்கு நேற்றைய மழை முழுக்க வெயிலாகிவிட்டது. "ஆனா அக்காகிட்ட நீங்கதான் சொல்லணும். விழாவுக்கு வரா."

அன்று மாலை துப்பட்டாவை மேசையில் விரித்தாள். கண்ணை மூடிக்கொண்டு முதல் வெட்டு... திரைக்கு ஒரு சதுரம். கண்ணைத் திறந்துகொண்டு இரண்டாவது வெட்டு... அது சட்டைக்கு. தானே உட்கார்ந்து தைத்தாள். விரலில் ஊசி ஏறியதுதான் மிச்சமோ என்கிற அளவுக்குக் குத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை திரை மேடையில் ஏறியது. அவரவர் துண்டைத் தேடி எல்லாரும் முண்டியடித்தார்கள். தேடிக் கண்டுபிடித்தவுடன் அடுத்த கேள்வி, "பக்கத்துல இருக்கிறது யாரோடது?" முன்பின் பேசாதவர்கள் எல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மேடை ஓரத்தில் அக்கா சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தலைவி ஓர் அடி முன்னால் வந்தாள்.

"இது யார் போட்ட தையல்?"

"நான்தாங்க்கா... வெட்டினதும் நான்தான்."

"நண்டு நடந்த மாதிரி இருக்கு." அக்கா நூலை இழுத்துப் பார்த்தாள். "ஆனா கெட்டியாத்தான் போட்டிருக்கே. லேசுல பிரியாது." தம்பியிடம் நீட்டினாள். "மேல கோட்டு போட்டுக்கடா, தெரியாது."

"தெரியட்டும்க்கா."

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் போய்த் திரையைப் பார்த்துட்டு வரேன்... பெரிய திரை. மெதுவாத்தான் வருவேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு அவன் முதுகைத் திருப்பிக் காட்டினான். நீலத்தின் நடுவே ஊதா. வெளியே மறுபடி தூறல் போட்டது.

"திங்கள்கிழமை கேப்பாங்க... முதுகுல இது யாரோடதுன்னு. என்ன சொல்லட்டும்?"

"ஒற்றுமைன்னு சொல்லுங்க."

"அது திரைக்கு." திரும்பி நின்றான். அந்தக் கண்ணில் இப்போது மழைத்துளி இல்லை, பயம்தான் இருந்தது. "கேட்டுட்டுத்தான் சேர்க்கணும்னு சொன்னவன் நான். அதனால கேக்கறேன்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு?"

தலைவி, சதுரம் போன துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றினாள்... அவிழ்த்தாள்.

"மனசுக்குப் பிடிச்சதைத்தான் தரணும்னு விதி போட்டது யாருங்க?"

"நீங்க."

"அந்த விதியைத் திரைக்கு ஒரு தடவை காப்பாத்தினா போதும். அப்புறம் உங்க சட்டைக்கும் எதுக்கு இன்னொரு சதுரம் வெட்டினேனாம்?"